இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?

பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது எத்தனையோ கேள்விகள் வரும். எங்கே வலிக்கிறது, சூட்டுக்கா குளிர்ச்சிக்கா, தட்டினால் தெரிகிறதா, ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறதா. எல்லாவற்றுக்கும் தலையையோ கையையோ ஆட்டிப் பதில் சொல்லிவிடலாம். ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு வெகுநாள் பதில் வரவில்லை. "இவ்வளவு நாள் ஏன் வரலை?"

முதன்முதலில் அதைக் கேட்ட மருத்துவர் கோபமாகக் கேட்கவில்லை. விளக்கை இழுத்து, சிறு கண்ணாடியைக் கீழ்க் கடைவாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடி இயல்பாகத்தான் கேட்டார். "வேலை ஜாஸ்தி, நேரமே கிடைக்கலை டாக்டர்" என்றேன். பொய். அந்தப் பல்லை நினைக்காத நாளே இல்லை என்றிருந்தவனுக்கு நேரம் இல்லாமல் என்ன? பணம்தான் இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்வதைவிட அலட்சியக்காரன் என்று பெயர் வாங்கிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "உடம்பைக் கொஞ்சம் கவனிச்சுக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் அச்சிட்டுக் கொடுக்கச் சொன்னார். ஒன்பது வரிகள். அடியில் மொத்தத் தொகை. என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிய தொகை. "வீட்டில பேசிட்டு வர்றேன்" என்று சொல்லி, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பப் போகவில்லை.

அந்தத் தாள் சட்டையோடு துவைத்து எழுத்தெல்லாம் அழிந்துபோனது. கேள்வி மட்டும் அழியவில்லை. பல் வலியோடு நாளைத் தள்ளுகிற எல்லோரையும் பார்த்து உலகம் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதில் பணம் என்ற சொல் ஒளிந்திருப்பதே தெரிவதில்லை.

வலி நின்றுபோன அன்று

என் பல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடையில் இடது பக்கம், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது. பல் மருத்துவர்கள் அதை 36 என்பார்கள். 3 என்பது கீழ் இடது பக்கத்தைக் குறிக்கிறது, 6 அந்தப் பக்கத்தின் ஆறாம் பல். இந்த ஆறாம் பற்கள் பாவப்பட்டவை. குழந்தைக்கு ஆறு வயதாகும்போது, எந்தப் பாற்பல்லும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடும். எதுவும் விழாததால் புதுப்பல் வந்ததே வீட்டில் தெரியாது. அதில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று விட்டுவிடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அது விழுந்து முளைக்கிற பல் இல்லை. வாழ்நாள் முழுக்க அது ஒன்றுதான்.

பெரியவனான பிறகு முதலில் வந்தது கூச்சம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்னும், விழுங்கி முடித்ததும் போய்விடும். அந்தக் கட்டத்தில் போயிருந்தால் ஒரு அடைப்போடு முடிந்திருக்கும். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பல்லின் மேல்பூச்சான எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாது. உயிரணு எதுவும் அதில் இல்லாததால், தோலில் காயம் ஆறுவதுபோல அதில் விழுந்த குழி தானாக மூடாது. அதற்குக் கீழே இருக்கும் டென்டின், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களால் ஆனது. எனாமல் கரைந்து அந்தக் குழாய்கள் திறந்துகொண்டால் குளிர்ச்சி நேராக நரம்புக்குப் போகிறது. அதுதான் கூச்சம். அப்போது உள்ளே இருக்கும் சதை இன்னும் பிழைத்துக்கொள்ளும் நிலையில்தான் இருக்கிறது.

நான் அந்தப் பக்கத்தில் குளிர்ந்ததைப் படவிடாமல் குடிக்கப் பழகிக்கொண்டேன். தலையை லேசாக வலது பக்கம் சாய்த்து, உதட்டைக் குவித்து, தண்ணீரை வலது பக்கமாகவே அனுப்பி விழுங்குவது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் குடித்தேன். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பல் வலிக்காரர்களுக்கு ஒருவரையொருவர் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் கூச்சம் வலியானது. பட்டால் மட்டும் வந்தது, பட்ட பிறகும் பத்து நிமிஷம் நின்றது. பிறகு படாமலே வந்தது. பகலில் சமாளித்துவிடலாம், படுத்தால்தான் ஆரம்பிக்கும். படுக்கும்போது தலைக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது. வீங்கிய சதை, விரிய இடமில்லாத ஒரு சின்னக் கல்லறைக்குள் அடைபட்டிருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அங்கே இடிக்கிறது. நான் மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்கினேன். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்குவேன். முகம் வீங்கியபோது நானாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினேன். வீக்கம் வடிந்தது, மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. இறந்துகொண்டிருக்கும் பல்லின் உள்ளே ரத்த ஓட்டம் அற்றுப்போகிறது, அதனால் மாத்திரை அங்கே சரியாகப் போய்ச் சேராது என்பது எனக்குத் தெரியாது. பெரும்பாலான பல் வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, பல்லைத் திறந்து சுத்தம் செய்வதுதான் வைத்தியம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. காய்ச்சல் வந்தால், கழுத்துவரை வீக்கம் இறங்கினால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் கதை வேறு. அப்போது பணத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது, எந்த மருத்துவமனையானாலும் ஓடிவிட வேண்டும். மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய வீக்கம் அது.

ஒரு நாள் காலையில் எழுந்தேன், வலி இல்லை. குளிர்ந்த தண்ணீரை வேண்டுமென்றே அந்தப் பக்கம் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! செலவு மிச்சம் என்று நினைத்தேன். உண்மையில் அன்றைக்குத்தான் அந்தப் பல்லின் நரம்பு செத்துப்போயிருந்தது. வலிக்க இனி அங்கே ஒன்றுமில்லை. கிருமிகள் வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தன, எனக்கு எதுவும் தெரியாமலே.

பல்லின் விஷயத்தில் என்னை மிகவும் வேதனைப்படுத்துவது இந்த வரிசைதான். சின்ன அடைப்புக்குப் பணம் இல்லை என்று காத்திருந்தால் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனாலும், பல்லை மேலே மூடும் ஒரு கேப்பும் போடும் அளவுக்குப் போகிறது. அதற்கும் பணம் இல்லை என்று காத்திருந்தால் பல்லைப் பிடுங்கி அந்த இடத்தில் வேறொன்றை வைக்கும் அளவுக்குப் போகிறது. ஒவ்வொரு படியிலும் செலவு பல மடங்காகிறது. கையில் இருக்கிறவர் முதல் படியிலேயே கொஞ்சமாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இல்லாதவர்தான் கடைசிப் படியில் நின்றுகொண்டு அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் பல்லையே கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிடுங்கிவிடுவது

என் அக்கா பல்லையே கொடுத்தவள். எல்லா இடத்திலும் மலிவான வைத்தியம் அதுதான். ஒரே நாள், ஒரே ஊசி, வலி போய்விடும். அக்காவுக்கு முதல் பிரசவத்துக்குப் பிறகு ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் மேலே முன்பக்கத்தில் கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் ஒன்று. நாற்பத்தைந்து வயதுக்குள் ஏழு பற்கள். மேலே முன்பல் போனதிலிருந்து அவள் சிரிக்கும்போது இடது கை தானாக வாய்க்கு எழும்பும். யாரும் சொல்லிப் பழகியதல்ல. போன் பேசும்போதுகூட, பார்க்க ஆளில்லாத அறையில், சிரித்தால் கை எழும்பும்.

நான் பிடுங்கிவிடப் போகிறேன் என்று சொன்னபோது அவள்தான் தடுத்தாள். "வேணாம்டா தம்பி. வலி போயிடும், அது உண்மைதான். ஆனா பல்லு போனா அந்த இடம் மட்டும் போறதில்லை." அவள் சொன்னது அனுபவம். அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களைப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பல் போனால் பக்கத்துப் பல் மெல்லச் சாய்ந்து அந்த இடத்துக்குள் வரப் பார்க்கும். எதிர்த்தாடையில் கடிக்க ஜோடி இல்லாத பல், ஈறிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். பல்லைத் தாங்கிய எலும்பு, தாங்க ஒன்றுமில்லாததால் கரையும். முதல் வருஷத்திலேயே அதிகம் கரையும். சாய்ந்த பல்லின் இடுக்கில் உணவு தங்கி அதுவும் சொத்தையாகும். அக்காவின் ஏழு பற்களும் தனித்தனியாகப் போனவை இல்லை. ஒன்றின் பின்னால் ஒன்று போனவை.

எலும்புக்குள் டைட்டானியத் திருகை இறக்கிப் பல் வைக்கும் இம்பிளாண்ட் முறை இருக்கிறதே என்று கேட்கலாம். சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளர்ந்துவிடுவதை 1952-இல் ஒரு ஆராய்ச்சியின் நடுவே கவனித்தார். 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். மகத்தான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அரை நூற்றாண்டு கடந்தும் அது அக்காவைப் போன்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கும் பொருளாகத்தான் இருக்கிறது.

பல் மட்டும் ஏன் தனி?

கையில் எலும்பு முறிந்தால் யாரும் "இவ்வளவு நாள் ஏன்" என்று கேட்பதில்லை, ஏனென்றால் யாரும் நாள் கடத்துவதில்லை. வீட்டில் கடன் வாங்கியாவது கூட்டிக்கொண்டு போவார்கள். பல்லுக்குக் கடன் கேட்டால் "பல்லுக்கா?" என்பார்கள். கண், காது, மூக்கெல்லாம் உடம்பில் சேர்த்தி. பல் மட்டும் எப்படியோ அதற்கு வெளியே நிற்கிறது. பல நாடுகளின் மருத்துவக் காப்பீடுகளிலும் பல்லுக்குத் தனிக் கணக்கு, அதற்கும் ஒரு வரம்பு.

இது நேற்று வந்த பிரிவினை இல்லை. பல் பிடுங்குவது நெடுங்காலம் நாவிதர்களின் கைவேலையாக இருந்தது. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கியபோது, அது மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக இல்லாமல் தனிக் கல்லூரியாகவே தொடங்கியது. படிப்பு தனி, பட்டம் தனி, அப்புறம் பணக்கணக்கும் தனி. 1948-இல் பிரிட்டன் எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்று தேசியச் சுகாதாரச் சேவையைத் தொடங்கியபோது பல்லையும் அதில் சேர்த்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த வலியெல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றதுபோல மக்கள் குவிந்தார்கள். மூன்றே வருஷத்தில், 1951-இல், பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தார்கள். அந்தத் திட்டத்தை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பல்லுக்காக ஒருவர் அமைச்சர் பதவியை விட்டிருக்கிறார். எனக்கு என் பல்லைப் பற்றி ஒரு மருத்துவரிடம் உண்மை சொல்ல வாய் வரவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், வாய் சம்பந்தப்பட்ட நோய்கள் சுமார் 350 கோடிப் பேருக்கு இருப்பதாகச் சொல்கிறது. உலகில் ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவர். இத்தனை பேரும் அலட்சியக்காரர்களாக இருக்க முடியாது.

தாளின் பின்பக்கம்

வலி நின்று ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஈறில் பல்லுக்குக் கீழே சின்னப் பருபோல ஒன்று வந்தது. நாக்கால் அழுத்தினால் உப்புக் கரிக்கும் ஒரு சொட்டு வரும். சீழ். அப்புறம் வாயில் நாற்றம் வர ஆரம்பித்தது. அலுவலகத்தில் யாராவது பக்கத்தில் வந்து பேசினால் ஒரு அடி பின்வாங்கினேன். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அக்கா ஒரு வயதான பெண் மருத்துவரின் பெயரைச் சொல்லி, "அங்க போ, திட்ட மாட்டாங்க" என்றாள். பல் மருத்துவருக்கு அவள் வைத்த ஒரே தகுதி அதுதான்.

எக்ஸ்ரே எடுத்தார். திரையில் என் பல்லைக் காட்டினார். வேர்நுனியில் எலும்பு கரைந்து, ஒரு பட்டாணி அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது, அடுத்து வரப்போகும் கேள்வி தெரியும் என்பதால். வந்தது. "இவ்வளவு நாள் ஏன் வரலை?"

"பணம் இல்லை டாக்டர்."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு கண் கலங்கிவிட்டது. விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்துக்கொண்டிருந்ததால் அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் விளக்கை அணைத்தார். நாற்காலியை நிமிர்த்தினார். சக்கரம் வைத்த முக்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, இந்த மாசம் எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். அந்த மாதிரி ஒரு கேள்வியை எந்த மருத்துவரும் என்னிடம் அதற்குமுன் கேட்டதில்லை. நான் ஒரு தொகை சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

முதல் வரி 36. கிருமி எலும்பில் இருப்பதால் இதுதான் அவசரம். பல்லைத் திறந்து வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடிவிடலாம், அதை இன்றைக்கே செய்துவிடலாம். மீதி ரூட் கெனால் அடுத்த மாதம். கேப் அதற்கும் சில மாதம் கழித்துப் போடலாம், ஆனால் போடாமல் விட்டுவிடக் கூடாது, நரம்பெடுத்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் நடுவில் பிளந்துபோகும். அதுவரை அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்காதீர்கள் என்றார். முந்தைய தாளில் இருந்த மீதி எட்டு வரிகளைப் பற்றிக் கேட்டேன். இரண்டு பற்களில் சொத்தை ஆரம்பநிலை, கண்ணாடி அயனோமர் என்ற மலிவான அடைப்பு போதும். ஒன்றில் மேல்பூச்சு வெண்மையாகியிருக்கிறது, குழி விழவில்லை. ஃப்ளூரைடு பேஸ்ட்டும் கவனிப்பும் போதும், கைவைக்கவே வேண்டாம். ஞானப்பல் தொந்தரவு செய்யாதவரை இருக்கட்டும். பல் வெண்மையாக்குவது உங்களுக்குத் தேவையா என்றார். இல்லை என்றேன். அந்த வரி போயிற்று.

ஒன்பது வரி நான்கானது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தபோது மலையாகத் தெரிந்தது, வரிசையாக வைத்தபோது ஏறக்கூடிய படிகளாகத் தெரிந்தது. முதல் மருத்துவர் தவறாக எதுவும் எழுதிவிடவில்லை. ஒரு வாய்க்கு முழுமையாக என்னென்ன செய்யலாமோ அதை எழுதினார். எது இன்று, எது அடுத்த வருஷம், எது தேவையே இல்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. இன்று யாராவது என்னிடம் பல் செலவைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்விகளைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். எது அவசரம்? தள்ளிப் போட்டால் எதற்கு என்ன ஆகும்? இதையே குறைந்த செலவில் செய்ய வேறு வழி இருக்கிறதா? தவணையில் கொடுக்கலாமா?

வேறு வழிகள் நிஜமாகவே இருக்கின்றன. பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள், ஆசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள். ஒரு பல்லுக்கு நாலு முறை போக வேண்டியிருக்கும், மணிக்கணக்கில் வாயைத் திறந்துகொண்டிருக்க வேண்டியிருக்கும், ஆனால் ஒவ்வொரு படியையும் ஆசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த படி. சொத்தையைத் துளைபோடும் இயந்திரமே இல்லாமல் கைக்கருவியால் சுரண்டி அடைக்கும் முறை ஒன்று 1980-களின் நடுவில் தான்சானியாவில் உருவானது. மின்சாரம்கூட இல்லாத இடத்துக்காக யோசித்தது. சில்வர் டயமீன் ஃப்ளூரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது, சொத்தையில் தடவினால் பல நேரம் அது பரவாமல் நின்றுவிடும். அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதுதான் குறை. முன்பல்லுக்கு யோசிக்க வேண்டும், வெளியே தெரியாத கடைவாய்க்கு என்ன? உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தத் திரவத்தையும் ஃப்ளூரைடு பேஸ்ட்டையும் கண்ணாடி அயனோமரையும் சேர்த்துவிட்டது. இவையெல்லாம் இருக்கின்றன என்று கேட்டால்தான் தெரிகிறது.

அன்றைக்கே பல்லைத் திறந்தார். மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார். பச்சை ரப்பருக்கு நடுவே என் பல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருப்பதை மேலே இருந்த விளக்கின் கண்ணாடியில் பார்த்தேன். மயிரிழை போன்ற கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக வேர்க்குழாய்க்குள் விட்டுச் சுரண்டினார். நுனியை நெருங்கும்போது ஒரு சின்னப் பெட்டி விட்டு விட்டு ஒலித்தது. நீச்சல் குளத்து வாசனை வந்தது, குழாய்களைக் கழுவும் மருந்து அது. அந்தப் பல்லில் வழக்கமாக மூன்று குழாய்கள் இருக்கும். அவர் விடாமல் தேடி நாலாவதைக் கண்டுபிடித்தார். "இதை விட்டிருந்தா ரெண்டு வருஷத்துல மறுபடியும் வந்திருப்பீங்க" என்றார். ஒன்றேகால் மணி நேரம். முதுகை வளைத்து, கண்ணை எடுக்காமல், நூல்கனத்தில் ஒரு வேலை. அதுவரை ரூட் கெனால் விலையை நினைத்தாலே எனக்குக் கசப்பு வரும். அன்று அந்தக் கைகளைப் பார்த்த பிறகு விலை மேல் இருந்த கசப்பு போனது. ஆனால் அதை நோயாளி ஒற்றை ஆளாகச் சுமக்க வேண்டியிருக்கிறதே என்ற கசப்பு போகவில்லை, இன்றும் இருக்கிறது.

அடுத்த மாதம் குழாய்களை அடைத்தபோது இளஞ்சிவப்பாக மெழுகுக்குச்சி போல ஒன்றை உள்ளே வைத்தார். கட்டா பெர்ச்சா. தென்கிழக்காசிய மரம் ஒன்றின் பால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது தண்ணீர் புகாமல் உறைபோட்டது இதே பொருளால்தான். என் தாடைக்குள் நாலு துண்டு இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி, அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

செலவில்லாமல் செய்யக்கூடியதில் எனக்குத் தாமதமாகத் தெரிந்தது ஒன்று உண்டு. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு முறை இனிப்பு பட்டதும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. அமிலத்தை அளக்கும் pH என்ற எண், குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்; அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கிறது. எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும். அதற்குள் அடுத்த முறை இனிப்புத் தேநீர் குடித்தால் மறுபடி முதலிலிருந்து. நான் வேலை நேரம் முழுக்க ஒரே கோப்பைத் தேநீரை வாய் வாயாக உறிஞ்சுகிற பழக்கம் உள்ளவன். இந்த உண்மை 1940-களில் சுவீடனில், மனவளர்ச்சி குன்றியவர்கள் இருந்த விப்பெஹோல்ம் மருத்துவமனையில், அவர்களைக் கேட்காமலே ஒட்டும் மிட்டாய் கொடுத்துப் பல்லைக் கெடுத்துக் கண்டறியப்பட்டது. அதை அறிந்த பிறகு தேநீர்க் கோப்பையைச் சும்மா பார்க்க முடிவதில்லை. இப்போது ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிடுகிறேன். ராத்திரி தூக்கத்தில் எச்சில் குறைவதால் படுக்குமுன் தேய்ப்பதைத் தவறவிடுவதில்லை. தேய்த்த பிறகு நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட்டுவிடுகிறேன், ஃப்ளூரைடு பல்லிலேயே இருக்கட்டும் என்று.

அக்கா

கேப் போட நாலு மாதம் ஆனது. தாளின் பின்பக்கத்தில் நாலில் மூன்று வரியை அடித்தாயிற்று. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அக்கா, "எனக்கும் இப்படி எழுதித் தருவாங்களாடா?" என்று கேட்டாள்.

கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஏழு இடங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். கழற்றி மாட்டும் பல்செட்டில் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்வதானால் இவ்வளவு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதானால் ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கலாம் என்றார். "முதல்ல எது வேணும், நீங்களே சொல்லுங்கம்மா."

எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பல்தான் சொல்லுவாள். பதினைந்து வருஷமாக அந்தக் கை வாய்க்கு எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். என் கல்யாணப் படங்களில் ஒன்றில்கூட அவள் வாய் திறந்திருக்காது. முன்பல்லுக்கு ஆகும் செலவை மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே தலையாட்டத் தயாராக இருந்தேன்.

அக்கா வலது கீழ்க் கடைவாயை விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க வெச்சுடுங்க டாக்டர். எதையும் மென்னு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு, எல்லாத்தையும் ஊறவெச்சு முழுங்கறேன்." அப்புறம், நான் முன்பக்கத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அது இருக்கட்டும்டா. சிரிக்கிறப்ப கையை வெச்சுக்கலாம்" என்றாள்.